எந்த நாலு?

“தோளைக் குடுங்கண்ணே. நான் விடுவிச்சுட்டேன், தள்ளுங்க.”

மீட்டரக்கா மண்டியிட்டு மோட்டார் பெட்டியின் அடியில் சாவியைத் திருகியிருந்தாள். பல்சக்கரம் ‘களக்’ என்று பிடியை விட்டது. வாசல் காவலாளி இடது தோளை இரும்புச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து உந்தினார். மருத்துவமனையின் எட்டு மீட்டர் நீள கேட் பாதி வழியில் செத்துப்போய் நின்றிருந்தது. வெளியே ஆம்புலன்ஸ் காது கிழிய அலறிக்கொண்டிருந்தது.

இரண்டு அடி. நான்கு அடி. வண்டி நுழையுமளவு இடைவெளி வந்ததுதான் தாமதம், ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்துவிட்டார்.

“ஐம்பத்திரண்டு செகண்ட்,” என்றார் படிக்கட்டில் நின்ற மேலாளர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. “ஆட்டோமேட்டிக் கேட்டாம். இதுக்கு அந்தப் பழைய தகரக் கேட்டே தேவலாம்.”

மீட்டரக்கா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள். கழுத்தில் தொங்கிய, கரண்ட் அளக்கும் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டாள். எந்த இடத்துக்கு வேலைக்குப் போனாலும் தாலிக்கு மேல் அது தொங்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

கால் மணி நேரத்தில் பிரசவ அறையிலிருந்து ஒரு நர்ஸ் வந்து, “பொண்ணு. ரெண்டு பேரும் சௌக்கியம்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னாலேயே பெரிய டாக்டர் வந்தார். நரைத்த கொண்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“பன்னிரண்டு மணிக்குக் கமிட்டி வருதும்மா. பத்து தடவை திறக்கணும். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு செகண்டுக்குள்ள. ஒரு தடவை நின்னாலும், எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க. உள்ள வர்றவங்களுக்கு ஒரு நிமிஷம்ங்கறது சின்ன விஷயம் இல்ல.”

“சரிங்க டாக்டர்.”

மணி பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம்.

இந்த வேலை போனால் எல்லாம் போய்விடும். ஒன்பது வருடம் அடுத்தவர் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று ஊர் முழுக்கக் கேட் மாட்டியவள் அவள். மூன்று மாதத்துக்கு முன்புதான் சொந்தப் பலகை. அதில் எழுதிய முதல் வேலை இந்த மருத்துவமனை வாசல். முதல் கேட்டே பாதியில் நின்ற கதை சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றிவிடும். இரண்டாவது வேலை தர ஒருவரும் வரமாட்டார்கள்.

“அண்ணி, மோட்டார் டூப்ளிகேட்டா இருக்குமோ?” என்றான் அவள் கொழுந்தன். முப்பது வயது ஆண்பிள்ளை. பேச்சு, நடை, சாப்பாடு எல்லாம் ஓட்டம்தான். வீட்டில் அவனுக்கு ‘அவசரம்’ என்றே பெயர்.

“மோட்டாரைத் திட்டாதே. அதுக்கு வாய் இல்ல. பட்டனை அமுக்கு.”

வரவேற்புக் கட்டடச் சுவரில்தான் கட்டுப்பாட்டுப் பெட்டி. மழைக்காலத்தில் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதனால் கரண்டுப் பெட்டியை மேட்டில் வைத்து, இருபத்து நான்கு வோல்ட்டை மட்டும் மண்ணுக்கடியில் கேட் வரை கொண்டுபோவது அவளுடைய திட்டம். தண்ணீரில் கால் வைத்தவரை இருபத்து நான்கு வோல்ட் கொல்லாது.

பெட்டியில் மீட்டரின் முனைகளை வைத்தாள். இருபத்து நான்கு. சுத்தம். கேட்டுக்கு ஓடினாள். மோட்டார் முனையில் வைத்தாள். இருபத்து நான்கு.

“இப்ப அமுக்கு,” என்று போனில் சொன்னாள்.

கேட் கிளம்பியது. எண் பதினெட்டுக்கு இறங்கியது. தண்டவாளம் லேசாக மேடேறும் நடு இடத்தில் மோட்டார் மூச்சுப் பிடித்தது. பதினைந்து. பதினொன்று. மோட்டார் பெட்டியின் விளக்கு அணைந்தது. கேட் நின்றது.

அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. அங்கே இருக்கிற கரண்ட் இங்கே வந்து சேரவில்லை. மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாய் சன்னமாக இருந்தால் கீழே சொட்டுத்தான் வரும். சும்மா இருக்கும்போது குறை தெரியாது. மோட்டார் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மோட்டார் பெட்டிக்குள் நுழைந்த கம்பியைத் துணியால் துடைத்தாள். அதன் உறையில் அச்சடித்திருந்த எழுத்தைப் படித்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அவசரம். இங்க வா.”

வந்தான்.

“கம்பி ஆர்டர் பண்ணப்ப என்ன சொன்னே?”

“நீங்க சொன்னதத்தான் அண்ணி. நாலு.”

“எந்த நாலு?”

இந்தத் தொழிலில் இரண்டு நாலு உண்டு. கம்பியின் தடிமனைச் சொல்லும் நாலு ஸ்கொயர் ஒன்று. ஒரே உறைக்குள் சன்னமாக நான்கு கம்பி ஓடும் நாலு கோர் இன்னொன்று. முதலாவது மோட்டாருக்கு. இரண்டாவது, அழைப்பு மணிக்கும், குறுக்கே ஆள் வந்தால் கேட்டை நிறுத்தும் கண்காணிப்புக் கண்ணுக்கும்.

“கடைக்காரன் நாலா, எத்தனை மீட்டர்னான். அம்பதுன்னேன். அவ்வளவுதான் பேசினோம்.”

“போன்ல மொத்தம் எத்தனை செகண்ட் பேசினே?”

“அண்ணி…”

“கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான். தங்கச்சியப் பாத்துட்டு அக்காவுக்குத் தலையாட்டிட்டு வந்தே.”

“அது நல்லாத்தானே முடிஞ்சுது.”

“இது முடியணுமே.”

அவள் கோபப்பட்டு நேரத்தைச் செலவழிக்கவில்லை. கம்பி உருளை வந்து இறங்கிய அன்று அவளும்தான் உறையைப் படிக்கவில்லை. அதை மனதுக்குள் குறித்துக்கொண்டாள். கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தாள். நான்கு சன்னக் கம்பிகளை இரண்டு இரண்டாக முறுக்கிச் சேர்த்தாள். இரட்டை மாடு பூட்டிய மாதிரி. பொத்தானை அமுக்கினார்கள். கேட் நடு மேட்டைத் தாண்டியது. அவசரம் கைதட்டத் தொடங்கினான்.

“இரு,” என்றாள் அவள். “எண்ணினியா?”

பத்தொன்பது செகண்ட். நோயாளி மாதிரி ஊர்ந்து போய்ச் சேர்ந்தது.

கடைக்குப் போன் போட்டார்கள். நாலு ஸ்கொயர், மண்ணில் புதைக்கிற கனத்த உறையோடு, இருப்பில் இல்லை. நாளைக் காலையில் வரும். இன்னொரு கடை. அங்கே வீட்டுச் சுவருக்குள் ஓட்டுகிற கம்பிதான் இருந்தது. மண் ஈரத்தில் ஒரு வருடம் தாங்காது அந்த உறை. “அதையே போட்டு இன்னைக்குப் பொழுத ஓட்டிடுவோம் அண்ணி, அப்புறம் மாத்திக்கலாம்,” என்றான் அவசரம்.

“என் பலகைக்குக் கீழ அந்த வேலை நடக்காது.”

மணி பதினொன்று பதினைந்து.

அப்போதுதான் மேலாளர் கீழே இறங்கி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மேடம், உங்க மேல தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும். கம்பியில யாரோ கை வச்சிருக்கான். ஆதாயம் யாருக்குன்னு பாருங்க. கேட் தானா ஓடினா இந்த வாட்ச்மேனுக்கு இங்க என்ன வேலை? எப்படியோ மோப்பம் பிடிச்சிருப்பான்.”

காவலாளி பத்தடி தள்ளி, வருகைப் பதிவேட்டில் ஒரு வண்டி எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். அறுபதுக்குப் பக்கம். மடித்துவிட்ட சட்டைக்கைக்குக் கீழே முன்கை மட்டும் கயிறு கயிறாக முறுக்கேறியிருந்தது.

“கம்பிய யாரும் வெட்டல சார். தப்பு எங்களோடது,” என்றாள் மீட்டரக்கா.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே பாத்தேன். கேட் பக்கத்துல இந்தக் கம்பிக் குழி மூடியத் திறந்து வச்சிட்டு, உள்ள கைய விட்டுட்டு உக்காந்திருந்தான்.” மேலாளர் திரும்பி இரைந்தார். “யோவ், இங்க வாய்யா. ஞாயித்துக்கிழமை குழியில என்ன பண்ணினே?”

காவலாளி பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிவிட்டு, நிதானமாக வந்தார். “தவளை விழுந்துடுச்சுங்க. எடுத்து விட்டேன்.”

“தவளை எடுக்க ரெண்டு மணி நேரமா?”

“ஒத்துழைக்கலைங்க அது.”

அவசரம் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். மேலாளர் முகம் சிவந்தது. “பன்னிரண்டு மணிக்கு டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ எங்கயும் போயிடாதே.”

“வாசலை விட்டு நான் எங்கங்க போறது,” என்றார் காவலாளி. பிறகு, மீட்டரக்காவிடம், சாதாரணமாகக் கேட்டார்: “ஏம்மா, தரையில ரெண்டு பைப்பு பதிச்சீங்களே. ஒண்ணுலதான் கம்பி போச்சு. இன்னொண்ணு எதுக்கு?”

“ஸ்பேர்ண்ணே. எங்க போனாலும் ஒரு காலிப் பைப் சேர்த்துப் போடுவேன். நாளைக்கு ஏதாவது மாத்தணும்னா தரைய உடைக்க வேண்டாம் பாருங்க. உள்ள நைலான் கயிறு மட்டும்…”

பேச்சை நிறுத்திவிட்டாள். கயிறு இருக்கிறது. கம்பி கிடைத்தால் இருபது நிமிடத்தில் இழுத்துவிடலாம். கம்பிதான் இல்லை. முதலாளியாக இருந்த பழைய ஆளிடம் ஒரு உருளை இருக்கும். போய்க் கேட்டால் கொடுப்பார். கொடுத்துவிட்டு, வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். பரவாயில்லை. உள்ளே கிடக்கிற அந்தப் பெண்குழந்தையின் அம்மா மாதிரி இன்னொருத்தி வாசலில் ஐம்பத்திரண்டு செகண்ட் நிற்கக்கூடாது.

“அவசரம், பைப்புல கயிறு ஓடுதான்னு இழுத்துப் பாரு. நான் போன் பண்றேன்.”

அவன் குழி மூடியைத் தூக்கினான். காலிப் பைப்பின் வாயில் மூடி போட்டு, அதற்கு மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவன் சுற்றியது இல்லை. அவன் சுற்றினால் பாம்பு எலி தின்ற மாதிரி புடைத்திருக்கும். இது ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் சரிபாதி ஏறி, செதுக்கினாற்போல் இருந்தது.

டேப்பைப் பிரித்தான்.

“அண்ணி.”

“என்னடா?”

“கயிறைக் காணோம்.”

“என்னது?”

“கயிறு இருக்கவேண்டிய இடத்துல… நீங்களே வந்து பாருங்க.”

பைப்புக்குள்ளிருந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கறுப்புக் கேபிள் எட்டிப்பார்த்தது. நுனி ஈரம் ஏறாதபடி அடைத்திருந்தது. மீட்டரக்கா உறையைத் துடைத்துப் படித்தாள். இரண்டு கோர். நாலு ஸ்கொயர். மண்ணில் புதைக்கும் ரகம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணன் வேலையா இருக்கும்,” என்றான் அவசரம். “என்னை நம்பாம பின்னாலேயே வந்து போட்டிருக்கும். அது எப்பவுமே அப்படித்தான்.”

அவள் கணவனுக்குப் போன் போட்டு, தாங்கள் லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தானா என்று கேட்டாள். அவன் வேறு ஊரில் வேலையில் இருந்தான். “நானா? ஞாயித்துக்கிழமை பூரா உன் பக்கத்துலதானே தூங்கிட்டிருந்தேன்,” என்றான். அது உண்மை. குறட்டைக்கு அவளே சாட்சி.

கேபிள் நுனியில், ஒளிபுகும் டேப்புக்குள் ஒரு சின்ன அட்டை கட்டியிருந்தது. அதைப் பிரித்து எடுத்தாள். படித்தாள். ஒருமுறை கேட் பக்கம் பார்த்தாள். அட்டையை மடித்து மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“என்ன எழுதியிருக்கு?”

“அப்புறம் சொல்றேன். முதல்ல அந்த முனைக்கு ஓடு. பெட்டிக்குப் பின்னால இதோட இன்னொரு நுனி இருக்கும். ரெண்டு கோரையும் சேத்து முறுக்கிப் பிடி.”

“சேத்துட்டு நேரா கரண்ட் குடுத்துட வேண்டியதுதானே?”

“யார் போட்டதா இருந்தாலும் அளக்காம தொடமாட்டேன். ஓடு.”

அளந்தாள். சன்னக் கம்பி ஒரு ஜோடி ஒன்று புள்ளி ஏழு ஓம் தடை காட்டும் அதே தூரத்துக்கு, இதில் புள்ளி நாலுதான். முறுக்கைப் பிரிக்கச் சொல்லிவிட்டு உறையின் காப்பையும் சோதித்தாள். ஒரு பொட்டுக் கசிவு இல்லை. நாற்பத்தாறு மீட்டர், வழியில் ஒரு இணைப்பு கூட இல்லாமல், ஒரே துண்டாக. இழுத்த கை தெரிந்த கை.

மணி பதினொன்று ஐம்பது. இரண்டு முனையையும் சீவி, இறுக்கி, மூடினாள். ஒன்பது வருடக் கை.

பன்னிரண்டு மணிக்குக் கமிட்டி வந்தது. பெரிய டாக்டர், இரண்டு மருத்துவர்கள், மேலாளர். ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். “பக்கக் கண்ணாடிய மடக்கணுமா, வேணாமா, அத மட்டும் சொல்லிடுங்க,” என்றார்.

“இன்னும் பத்து நிமிஷத்துல கேட்டே சொல்லும்,” என்றாள் மீட்டரக்கா.

முதல் தடவை. கேட் கிளம்பியது. நடு மேட்டுக்கு வந்தது. அவசரம் கண்ணை மூடிக்கொண்டான். சக்கரம் மேட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போன சத்தம் கேட்டுத்தான் திறந்தான்.

“பதினொண்ணு,” என்றார் ஓட்டுநர்.

இரண்டு. மூன்று. நான்கு. ஒவ்வொன்றும் பதினொன்று. ஏழாவது தடவை காவலாளி குறுக்கே போய் நின்றார். கண்காணிப்புக் கண் பார்த்துவிட்டது. கேட் ஒரு சாண் தள்ளி மரியாதையாக நின்றது. அவர் விலகியதும் மறுபடி நகர்ந்தது. “இதுக்கு ஒரு ஆளை நிக்கவச்சுப் பாக்கணுமில்லையா,” என்றார் அவர், யாரையும் பார்க்காமல். டாக்டர் புன்னகைத்து, அந்த ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

பத்துக்குப் பத்து.

மீட்டரக்கா மீட்டரைக் கழற்றாமலே நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். வெயிலில் கேட் ஓடிய சத்தம் இன்னும் காதில் இருந்தது. தன் பலகையில் இருக்கிற எழுத்தெல்லாம் ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி அவளுக்குத் தோன்றியது.

“நல்ல வேலைம்மா,” என்றார் டாக்டர். “ஒப்படைப்புத் தாளைக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்.”

“ஒரு நிமிஷம் டாக்டர்,” மேலாளர் முன்னால் வந்தார். “இந்த வாட்ச்மேன் விஷயம். ஞாயித்துக்கிழமை குழியில கை வச்சதை நானே பாத்தேன். விசாரிக்கணும். அதுவும் இல்லாம, கேட் ஓடிடுச்சுன்னா இனிமே இந்த வாசல்ல ஆள் தேவையில்லை.”

காவலாளி பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“தாள் இன்னும் முடியல டாக்டர்,” என்றாள் மீட்டரக்கா. “ஒரு கட்டம் நிரப்பணும். ‘கம்பியைத் தேர்ந்தெடுத்துப் பதித்தவர்’. அதுல என் பேரைப் போட்டா அது பொய்யாயிடும். அண்ணே, அந்தப் பதிவேட்டைக் கொஞ்சம் குடுங்க.”

காவலாளி தயங்கினார். கொடுத்தார்.

அவள் இன்றைய பக்கத்தைப் பிரித்து டாக்டரிடம் நீட்டினாள். மேல்சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். டாக்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அட்டையை வாய்விட்டுப் படித்தார்.

“‘கேட் மோட்டார். 2 கோர், 4 ஸ்கொயர், 46 மீட்டர். தனிப் பைப். பெரிய கரண்ட் கம்பியோடு சேர்க்கவில்லை.’ தேதி போட்டிருக்கு.”

“அதுல இருக்கற நாலைப் பாருங்க. இந்த வண்டி நம்பர்ல இருக்கற நாலையும் பாருங்க.”

இரண்டும் ஒரே மாதிரி. கால் ஒன்று நீண்டு, கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி. மூன்று வாரமாகத் தினம் காலையில் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவள் அவள். அந்த நாற்காலியை அவள் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வாள்.

அவசரம் எட்டி, அட்டையையும் பதிவேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அவன் ஒன்றை இரண்டு தடவை பார்த்தது அதுதான் முதல்முறை.

“கேபிள் ஏதுங்க?” என்று கேட்டார் டாக்டர்.

“பம்ப் ரூம்ல மிஞ்சினதுங்க. கழிவுன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க. புத்தம் புதுசு. ஸ்டோர் அம்மாகிட்ட கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்தேன்.” காவலாளி தொண்டையைச் செருமினார். “இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னால இருபத்திரண்டு வருஷம் மண்ணுக்குள்ள கேபிள் இழுத்தேங்க. இவங்க உருளைய இறக்கினப்பவே உறையில படிச்சேன். வரவேற்பு ரூமுக்கும் கேட்டுக்கும் தினம் நடக்கறவன் நான். அந்தத் தூரத்துக்கு அது பத்தாது.”

“சொல்லியிருக்கலாமேண்ணே,” என்றாள் மீட்டரக்கா.

“தம்பிகிட்ட சொன்னேன்மா. ‘கம்பி நாலுதானே, நீங்க கேட்டைப் பாருங்க’ன்னு ஓடிடுச்சு. சரி, ஒருவேளை அதுவே இழுத்துட்டா இதை யாரும் பாக்கவே வேண்டாம், கிடந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். ஓடலைன்னா நீங்க எப்படியும் ஸ்பேர் பைப்புக்குத்தான் வருவீங்க. வேலை தெரிஞ்சவங்க.”

அவசரம் தரையைப் பார்த்தான். “ஒத்தையாளா எப்படிண்ணே இழுத்தீங்க?”

“சோப்புத்தண்ணி விட்டா வரும் தம்பி. இந்தப் பக்கம் தள்ளிட்டு, அந்தப் பக்கம் ஓடிப் போய் இழுக்கணும். நீ ஓடுற ஓட்டத்துக்கு அரை மணியில முடிச்சிருப்பே.”

மீட்டரக்கா தாளில் எழுதினாள். முதல் கட்டத்தில் அவர் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, ‘பராமரிப்புப் பொறுப்பு’ என்ற கட்டத்திலும் அதையே எழுதினாள். “மழைத்தண்ணி ஏறுற வாசல் டாக்டர் இது. கரண்ட் போச்சுன்னா சாவி போட்டுக் கேட்டை விடுவிக்கவும், குழியைப் பாத்துக்கவும் விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இங்க இருந்தே ஆகணும். இல்லாம நான் ஒப்படைக்க மாட்டேன்.”

டாக்டர் தாளை வாங்கி இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தாகப் போட்டார். பிறகு காவலாளியைப் பார்த்தார்.

“ஒண்ணு மட்டும் புரியல. கேட் ஓடினா உங்களுக்கு வேலை இருக்காதுன்னு ஒரு பேச்சு இருந்தது. நாங்க இன்னும் முடிவு பண்ணல. ஆனா அது தெரிஞ்சிருந்தா, இந்தக் கேபிளை இழுத்திருப்பீங்களா?”

காவலாளி பதிவேட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மேலாளர்தான் காலை மாற்றி நின்றார். டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

“என்ன?”

மேலாளர் கைக்கடிகாரப் பட்டையைத் திருகினார். “கமிட்டியக் கேக்காம நானா இவருக்கு ஒரு லெட்டர் குடுத்துட்டேங்க டாக்டர். கேட் ஓடற அன்னையோட வேலை முடிஞ்சுதுன்னு.”

“எப்ப குடுத்தீங்க?”

“சனிக்கிழமை சாயங்காலம்.”

டாக்டர் அட்டையை மறுபடி கையில் எடுத்தார். நாற்காலி மாதிரி நாலுக்குக் கீழே, அதே நிதானமான கையெழுத்தில் இருந்த தேதி, ஞாயிற்றுக்கிழமை.